வட்டிக்குப் பதிலாக ஒரு டோஸ்டர்

அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிடும் கையேடுகளில் 550-ஆம் எண் கையேடு முதலீட்டு வருமானம் பற்றியது. தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து. அதில் வட்டி பற்றிய பகுதியில் ஒரு குட்டிப் பத்தி இருக்கு. வங்கியில் கணக்கு ஆரம்பிச்சதுக்காகப் பணமாக இல்லாமல் பொருளாக ஏதாவது பரிசு கிடைச்சிருந்தால், அதையும் வட்டி வருமானமாகக் காட்ட வேண்டியிருக்கலாம் என்கிறது அந்தப் பத்தி. கூடவே ஒரு வரம்பு. போட்ட டெபாசிட் 5,000 டாலருக்குக் குறைவு என்றால், பரிசின் மதிப்பு 10 டாலரைத் தாண்டினால்தான் காட்டணும். 5,000 டாலரோ அதுக்கு மேலோ என்றால் 20 டாலரைத் தாண்டினால் காட்டணும்.

இந்த 10-ம் 20-ம் எங்கிருந்து வந்தது? இன்னைக்கு அந்த ஊரில் ரெண்டு பேர் காபி குடிச்சாலே 10 டாலர் போயிடும். பழைய நிரல்களைப் பராமரிக்கிற எங்களை மாதிரி ஆட்களுக்கு இப்படி ஒரு எண்ணைப் பார்த்தாலே கை அரிக்கும். எவனோ எப்பவோ ஒரு காரணத்துக்காகப் போட்ட எண், காரணம் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கும். தேடிக்கொண்டே போனால் அது ஒரு டோஸ்டரில் போய் நின்றது. அதுக்கும் பின்னால் 1933.

1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கில் வங்கிகள் மூடல். இதெல்லாம் ஏன் நடந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றம் யோசித்தபோது கிடைத்த விடைகளில் ஒன்று: வங்கிகள் டெபாசிட்டுக்காக ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு அதிக வட்டி கொடுத்தன, கொடுத்த வட்டியைச் சம்பாதிக்க ஆபத்தான கடன்களில் பணத்தை விட்டன, உள்ளூர் வங்கிகளின் பணம் நியூயார்க் போய், அங்கிருந்து பங்குச் சூதாட்டத்துக்குக் கடனாகப் போனது. அதனால் 1933 ஜூனில் வந்த வங்கிச் சட்டம், செக் எழுதிப் பணம் எடுக்கும் கணக்குகளுக்கு வட்டியே கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. சேமிப்புக் கணக்குகளுக்கு எவ்வளவு வட்டி தரலாம் என்ற உச்சவரம்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஃபெடரல் ரிசர்வுக்குக் கொடுத்தது. அப்படி வந்த விதிக்குப் பெயர் ரெகுலேஷன் க்யூ.

க்யூ என்ற எழுத்துக்கு உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. ஃபெட் தன் விதிகளுக்கு ஏ, பி, சி என்று வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டு போகும். இசட் வரை போய் முடிந்ததும் ஏஏ, பிபி என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் உச்சவரம்பு 3 சதவீதம். 1935-ல் இரண்டரை ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் சந்தை வட்டியே தரையில் கிடந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. வலி ஆரம்பித்தது அறுபதுகளின் நடுவில். பணவீக்கம் ஏற, சந்தை வட்டியும் ஏறியது. சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் கயிறு கட்டிய மாடு மாதிரி அங்கேயே நின்றது. வீட்டுக் கடன் கொடுக்கும் சேமிப்பு-கடன் சங்கங்களையும் 1966-ல் இதே மாதிரி உச்சவரம்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் வங்கிகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தர அனுமதி.

இப்போ ஒரு வங்கி மேலாளராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்த கடையும் நீங்களும் விற்பது ஒரே சரக்கு. விலையை அரசாங்கம் நிர்ணயித்துவிட்டது. வாடிக்கையாளரை எப்படி உங்க பக்கம் இழுப்பீங்க? விலையில் போட்டி போட முடியாதவன் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பான். அமெரிக்க வங்கிகள் டோஸ்டர் வைத்து அழைத்தன. டோஸ்டர், போர்வை, பீங்கான் தட்டு செட், ரேடியோ, கடிகாரம். புதுக் கணக்கு ஆரம்பித்தால் இது, இவ்வளவு போட்டால் அது என்று கண்ணாடி ஷோகேஸில் அடுக்கிவைத்தார்கள். வங்கிக்குள் நுழைந்தால் பாத்திரக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்திருக்கும். இன்றும் அமெரிக்காவில் "டோஸ்டர் கொடுக்கிற வங்கி" என்றால் வயதானவர்கள் சிரிப்பார்கள்.

ஃபெட் சும்மா இருக்குமா? பொருளாகக் கொடுத்தாலும் அது வட்டிதானே, உச்சவரம்பைச் சுத்தி வளைத்துப் போகிற வழிதானே என்று கேட்டது. அதனால் பரிசுக்கும் உச்சவரம்பு வந்தது. நான் தேடிய 10-ம் 20-ம் இங்கேதான் இருக்கு. 5,000 டாலருக்குக் குறைவான டெபாசிட்டுக்கு 10 டாலர் வரை, அதுக்கு மேல் 20 டாலர் வரை விலையுள்ள பரிசு கொடுத்தால் அதை வட்டியாகக் கருத மாட்டோம் என்றார்கள். ஒரு கணக்குக்கு 12 மாதத்தில் இரண்டு பரிசுக்கு மேல் கூடாது. புதுசாகக் கணக்கு தொடங்கும்போதோ, இருக்கிற கணக்கில் கூடுதலாகப் பணம் போடும்போதோ மட்டும்தான் தரலாம். சும்மா பணத்தை வைத்திருப்பதற்குத் தரக் கூடாது.

இந்த விதியை ஒரு பொறியாளன் கண்ணோடு படித்தால் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். பரிசின் மதிப்பு என்பது வங்கிக்கு ஆன செலவு. மொத்த விலையில் 10 டாலருக்கு வாங்கிய டோஸ்டர் கடையில் அதைவிட அதிகம் விற்கும், ஆக வாடிக்கையாளருக்குக் கிடைப்பது 10-க்கு மேல். அடுத்து, 500 டாலர் போடுபவருக்கு 10 டாலர் பரிசு என்றால் 2 சதவீதம். 5,000 போடுபவருக்கு 20 டாலர் என்றால் 0.4 சதவீதம்தான். அப்போ பணத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஆளுக்கொரு வங்கி, மனைவி பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று என்று போடுவதுதான் புத்திசாலித்தனம். பரிசு புதுப் பணத்துக்குத்தான் என்பதால், பழைய வங்கியில் எடுத்துப் புது வங்கியில் போட வேண்டும். ஒரே பணம் ஊரைச் சுற்றிவரும். நாட்டின் மொத்தச் சேமிப்பு ஒரு டாலர்கூடக் கூடாது.

இந்தப் பரிசு விவகாரத்தில் விசித்திரமான வாரிசு ஒன்று உண்டு. மைக்கேல் மூர் 2002-ல் எடுத்த 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' படத்தின் ஆரம்பக் காட்சியில் மிஷிகன் மாநில வங்கி ஒன்றுக்குப் போய்க் கணக்கு தொடங்கித் துப்பாக்கி வாங்குவார். நார்த் கன்ட்ரி என்ற அந்த வங்கி, நீண்டகால டெபாசிட் போட்டால் வட்டிக்குப் பதிலாக வெதர்பி ரைஃபிள் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயுத வணிகத்துக்கான உரிமமும் வாங்கி வைத்திருந்தார்கள். படம் பார்க்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். டோஸ்டர் கதை தெரிந்தவர்களுக்கு அது அதே மரத்தின் இன்னொரு கிளை.

சரி, சிரிப்பு போதும். இதில் யார் வயிற்றில் அடி விழுந்தது என்று பார்ப்போம்.

1980-ல் அமெரிக்காவின் சராசரி பணவீக்கம் 13.5 சதவீதம். வங்கிப் பாஸ்புக் கணக்குக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வட்டி 5.25 சதவீதம். ஆயிரம் டாலர் போட்டு வைத்த ஒரு பாட்டிக்கு வருஷ முடிவில் 1,052 டாலர் 50 சென்ட் கிடைக்கும். முந்தைய வருஷ விலைவாசியில் அதன் மதிப்பு சுமார் 927 டாலர். வருஷத்துக்கு 73 டாலர் கரைந்துபோச்சு, அதுக்கு மேல் அந்த ஐம்பத்திரண்டு டாலர் வட்டிக்கு வருமான வரி வேறு. கையில் இருப்பது 10 டாலர் டோஸ்டர்.

பாட்டி பணத்தை எடுத்து அரசாங்கத்தின் ட்ரெஷரி பில்லில் போட்டிருக்கலாமே, அதில் வட்டி அதிகமாச்சே என்று கேட்பீங்க. 1981-ல் அது 15 சதவீதத்தையே தாண்டியது. ஆனால் அந்த வாசலை 1970-லேயே பூட்டிவிட்டார்கள். அதுவரை குறைந்தபட்சம் 1,000 டாலருக்கு ட்ரெஷரி பில் வாங்க முடிந்தது. 1970-ல் அதை 10,000 ஆக்கினார்கள். சின்னச் சேமிப்பாளர்கள் வங்கியிலிருந்தும் வீட்டுக்கடன் சங்கங்களிலிருந்தும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது என்பது நோக்கம். அந்த வருஷம் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை ஆண்டு வருமானமே 9,870 டாலர்தான். நடுத்தரக் குடும்பத்தின் ஒரு வருஷச் சம்பாத்தியத்தைவிட நுழைவுக் கட்டணம் அதிகம். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். உச்சவரம்பை நிலையற்ற வங்கிகளை அடக்க வந்த விதி என்று ஒருவர் நியாயப்படுத்தலாம். இந்தப் பூட்டுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

டேவிட் பைல் என்ற பொருளியலாளர் 1974-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், 1968 முதல் 1970 வரையிலான மூன்று வருஷங்களில் மட்டும் இந்த உச்சவரம்பால் வீட்டுச் சேமிப்பாளர்கள் இழந்தது 500 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார். ஜார்ஜ் பென்ஸ்டன் அதுக்குப் பத்து வருஷம் முன்பே, செக் கணக்குக்கு அதிக வட்டி கொடுத்ததால் வங்கிகள் ஆபத்தான முதலீட்டில் இறங்கின என்பதுக்கே சான்று இல்லை என்று எழுதிவிட்டார். அடிப்படை ஊகமே ஆட்டம் கண்ட பிறகும் விதி நின்றது. எழுபதுகளின் கடைசியில் கிரே பேந்தர்ஸ் என்ற முதியோர் உரிமை இயக்கம் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. பாஸ்புக்கை நம்பி வாழ்பவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள்தானே.

விதியை உடைத்தது போராட்டம் மட்டும் இல்லை. இரண்டு குறுக்குவழிகள். முதலாவது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் இருந்த கன்ஸ்யூமர்ஸ் சேவிங்ஸ் பேங்க். அதன் தலைவர் ரொனால்ட் ஹேசல்டன். செக் கணக்குக்கு வட்டி கூடாது, சரி. சேமிப்புக் கணக்குக்கு வட்டி தரலாம். சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒரு சீட்டு எழுதித் தருகிறோமே, அந்தச் சீட்டை இன்னொருத்தர் பேருக்கு மாற்றிக் கொடுத்தால்? பார்க்க செக் மாதிரி இருக்கும், வேலையும் செக் மாதிரி செய்யும், ஆனால் சட்டப்படி அது பணம் எடுக்கும் உத்தரவு. நௌ கணக்கு என்று பெயர். அதிகாரிகள் மறுத்தார்கள், வங்கி வழக்குப் போட்டது, 1972-ல் மாநில உச்ச நீதிமன்றம் வங்கி பக்கம் தீர்ப்பளித்தது. இதைவிட அழகான ஹேக் வங்கி வரலாற்றில் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பணச்சந்தை நிதி. ஆயிரம் டாலர்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் பத்தாயிரம். நம்ம ஊர் சீட்டுக் கட்டுகிற புத்திதான். 1970-களின் தொடக்கத்தில் ப்ரூஸ் பெண்ட், ஹென்றி பிரவுன் இருவரும் ஆரம்பித்த ரிசர்வ் ஃபண்ட் அந்த வகையில் முன்னோடி. 1977 முடிவில் இந்த நிதிகளில் இருந்த மொத்தப் பணம் சுமார் 400 கோடி டாலர். 1982-ல் 20,000 கோடியைத் தாண்டிவிட்டது. டோஸ்டரைப் பார்த்து மயங்காத பணம் அத்தனையும் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது. பின்குறிப்பாக ஒன்று: இதே ரிசர்வ் நிதிதான் 2008 செப்டம்பரில் லேமன் கடன்பத்திரங்களை வைத்திருந்து, ஒரு டாலர் யூனிட்டின் மதிப்பு ஒரு டாலருக்குக் கீழே போய் உலகத்தையே நடுங்க வைத்தது.

வேறு வழியில்லாமல் 1980-ல் சட்டம் மாறியது. சேமிப்புக் கணக்கு உச்சவரம்புகள் படிப்படியாக நீங்கி 1986-ல் முடிவுக்கு வந்தன. அதன் விலையையும் சொல்லணும். சேமிப்பு-கடன் சங்கங்கள் முப்பது வருஷ வீட்டுக்கடன்களை 6, 7 சதவீத நிலை வட்டிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. டெபாசிட்டுக்குச் சந்தை வட்டி தர வேண்டிவந்ததும் மூழ்க ஆரம்பித்தன. மீட்பு வேலையில் வரி கட்டுபவர்கள் தலையில் விழுந்தது ஏறத்தாழ 12,400 கோடி டாலர். கட்டி வைத்தாலும் அடி, அவிழ்த்துவிட்டாலும் அடி.

செக் கணக்குக்கு வட்டி கூடாது என்ற 1933 தடை மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்து, 2011 ஜூலை 21-ல்தான் போனது. காலியான க்யூ என்ற எழுத்தை ஃபெட் பிறகு வங்கி மூலதன விதிகளுக்கு மறுபடி கொடுத்துவிட்டது. வரிக் கையேட்டில் மட்டும் 10-ம் 20-ம் புதைபடிவமாகத் தங்கிவிட்டன.

நம்ம ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கதை அச்சு அசலாக ஒத்துப்போகுது. ரிசர்வ் வங்கி 2016-ல் தொகுத்து வெளியிட்ட டெபாசிட் வட்டி ஆணையில், டெபாசிட் திரட்ட லாட்டரி, பரிசுக் குலுக்கல், இலவச உல்லாசப் பயணம் எதுவும் கூடாது என்று இருக்கு. விதிவிலக்கு, 250 ரூபாய்க்கு மேற்படாத சிறு பரிசு. நம் டோஸ்டரின் எல்லை 250 ரூபாய்! தினசரி காலண்டரும் ஒரு பேனாவும் அதுக்குள் அடங்கும்.

நம் சேமிப்புக் கணக்கு வட்டியும் நிர்ணயிக்கப்பட்டதுதான். 2003 மார்ச் முதல் 2011 மே வரை 3.5 சதவீதம், பிறகு 4. வங்கிகளே முடிவு செய்யலாம் என்று விட்டது 2011 அக்டோபர் 25. அமெரிக்கா கடைசிக் கட்டை அவிழ்த்த மூன்றே மாதத்தில். ஓரிரு தனியார் வங்கிகள் உடனே 6 சதவீதம் என்றன. பெரிய வங்கிகள் அசையவில்லை. பழகிய வாடிக்கையாளர் எங்கே போயிடப் போறார் என்ற நம்பிக்கை.

இன்னொரு விஷயம் இளைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. 2010 ஏப்ரல் 1 வரை சேமிப்புக் கணக்கு வட்டி தினசரி இருப்புக்குக் கிடையாது. மாதத்தின் 10-ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை கணக்கில் இருந்த ஆகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. மாதம் பூரா ஒரு லட்சம் வைத்திருந்து 29-ஆம் தேதி 95,000 எடுத்தால், அந்த மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கு மட்டும் வட்டி. 3.5 சதவீதத்தில் 292 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 15 ரூபாய் வரும். திருப்பியும் ஆடலாம். 10-ஆம் தேதி போட்டு மாதம் முடிந்ததும் எடுத்தால், இருபது நாள் இருந்த பணத்துக்கு முழு மாத வட்டி. என் பெரியப்பா கைமாத்து கொடுக்கும்போது, "ஒண்ணாந்தேதி வாங்கிக்க, ஒம்பதுக்குள்ள குடுத்துரு" என்பார். அவருக்கு ஒன்பது ராசி எண் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டோஸ்டர் காலம் முடிந்ததும் இலவசம் முடியவில்லை, இடம் மாறியது. டெபாசிட்டை விட்டுவிட்டு கார்டுக்குப் போனது. 1986-ல் சியர்ஸ் நிறுவனத்தின் டிஸ்கவர் கார்டு, செலவு செய்ததில் ஒரு பங்கைப் பணமாகத் திருப்பித் தந்தது. 1987-ல் சிட்டிபேங்க், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்களைக் கார்டோடு இணைத்தது. அப்புறம் புள்ளிவேட்டை ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

அதில் என் மனம் கவர்ந்தது நாணயக் கதை. முன்னாள் அதிபர்களின் தலை பொறித்த ஒரு டாலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவர அமெரிக்க நாணயச்சாலை 2008-ல் ஒரு திட்டம் போட்டது. 250 நாணயப் பெட்டிக்கு 250 டாலர்தான் விலை, அனுப்பும் செலவு அரசாங்கத்துடையது, கிரெடிட் கார்டும் ஏற்கப்படும். புள்ளிவேட்டைக்காரர்களுக்கு இது லட்டு. கார்டில் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நேராக வங்கிக்குக் கொண்டுபோய்க் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பில்லை அடைத்தார்கள். மைல்கள் மிச்சம். நாணயச்சாலையின் பெட்டிகளிலேயே நாணயங்கள் திரும்பி வருவதை வங்கிகள் கவனித்துச் சொல்ல, 2011 ஜூலையில் இந்த விற்பனைக்குக் கார்டு வாங்குவதை நிறுத்தினார்கள். அந்த வருஷ முடிவில் ஃபெடரல் ரிசர்வ் கிடங்குகளில் சும்மா கிடந்த டாலர் நாணயங்கள் ஏறத்தாழ 140 கோடி.

கணக்கு தொடங்கினால் ரொக்கமாகவே தருகிற வழக்கமும் வந்தது. ஆன்சைட் வேலையாக நியூஜெர்சியில் இருந்தபோது நானும் அப்படி ஒரு கூப்பனுக்கு 100 டாலர் வாங்கினேன். அடுத்த ஜனவரியில் வீட்டுக்கு 1099 படிவம் வந்தது: வட்டி வருமானம் 100 டாலர். டெபாசிட்டுக்குக் கிடைப்பது வட்டி, வரி உண்டு. ஆனால் கார்டில் செலவு செய்து கிடைக்கும் புள்ளிகளைப் பொதுவாக விலைத் தள்ளுபடியாகப் பார்க்கிறார்கள், வரி இல்லை. சேர்த்து வைப்பவனுக்கு வரி, செலவழிப்பவனுக்கு விலக்கு.

அந்தப் புள்ளிகளை யார் கொடுக்கிறார்கள்? கார்டு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரரிடமிருந்து ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, அதில் பெரும்பகுதி இன்டர்சேஞ்ச் என்ற பெயரில் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கடைக்காரர் அதைப் பொருள் விலையில் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அதே விலைதான் தருகிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் ஷூ, ஷை, ஸ்டாவின்ஸ் மூவரும் 2010-ல் இதைக் கணக்குப் போட்டார்கள். ரொக்கத்தில் வாழும் சராசரிக் குடும்பம் வருஷத்துக்கு 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குத் தாரை வார்க்கிறது. கார்டுக் குடும்பம் ஒன்றுக்கு 1,133 டாலர் கிடைக்கிறது. வருமான வாரியாகப் பிரித்தால், 20,000 டாலருக்குள் சம்பாதிக்கும் குடும்பம் 21 டாலர் இழக்கிறது, 1,50,000-க்கு மேல் சம்பாதிப்பது 750 டாலர் பெறுகிறது.

டோஸ்டருக்கான காசு பாட்டிக்குக் கொடுக்காத வட்டியிலிருந்து வந்தது. விமான மைலுக்கான காசு ரொக்கம் கொடுத்து மளிகை வாங்குபவரிடமிருந்து. நானும் கார்டில் புள்ளி சேர்க்கிறவன்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை.

இந்த ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதுக்கும் சான்று இருக்கு. 2011 அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு, 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும் என்று உச்சவரம்பு வந்தது. டெபிட் கார்டு பரிசுத் திட்டங்களைப் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. இங்கே 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்றாகிவிட்டது. டீக்கடையில் யுபிஐயில் பத்து ரூபாய் அனுப்பினால் ஒரு புள்ளியும் விழாது. டீ விலையில் அதுக்கான பங்கும் இல்லை.